தரவுக் கிடங்கா, லேக்ஹவுஸா, ஒரே கணினியா: நிறுவனத்துக்கு எது பொருந்தும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 50,000 ஆர்டர்கள் வருகின்றன. வாடிக்கையாளர் எண், பொருள், விலை, வரி, முகவரி, பணம் கட்டிய விதம் எல்லாம் சேர்த்து ஓர் ஆர்டருக்கு 2 கிலோபைட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 மெகாபைட், வருடத்துக்கு 36.5 ஜிகாபைட். பத்து வருட ஆர்டர்களையும் ஒன்றாகக் கொட்டினால் 365 ஜிகாபைட். 512 ஜிகாபைட் எஸ்எஸ்டி உள்ள ஒரு லேப்டாப்பில் அவ்வளவும் அடங்கிவிடும். பார்க்கே என்ற அட்டவணைக் கோப்பு வடிவில் சுருக்கி வைத்தால் இடம் இன்னும் பாதிக்குப் பாதி மிஞ்சும்.

இன்னொரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சென்சார், நொடிக்கு ஓர் அளவு. நாளுக்கு 8 கோடியே 64 லட்சம் வரிகள். வரிக்கு 100 பைட் என்றால்கூட நாளுக்கு 8.64 ஜிகாபைட், வருடத்துக்கு 3 டெராபைட்டுக்கு மேல். இத்தனைக்கும் சென்சார் ஒன்றுதான். வெப்பம், அதிர்வு, மின்சாரம் என்று மூன்று வைத்தால் மூன்று மடங்கு.

இரண்டு நிறுவனங்களுமே "எங்களிடம் பிக் டேட்டா இருக்கிறது" என்றுதான் சொல்லும். இரண்டுக்கும் ஒரே தீர்வைத்தான் விற்பனையாளர்களும் காட்டுவார்கள். இந்தக் கணக்கைப் போடாமலே பிளாட்ஃபார்ம் வாங்க உட்கார்ந்த கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். காகிதத்தில் பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்காக வருடக்கணக்கில் பில் கட்டிய இடங்கள் எனக்குத் தெரியும். அதனால்தான் மூன்று வழிகளின் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்: தரவை கிளவுடில் ஒழுங்காக அடுக்கி வைக்கும் தரவுக் கிடங்கு, தரவைக் கோப்புகளாகவே வைத்து அதற்குக் கிடங்கின் ஒழுங்கைக் கொடுக்கும் லேக்ஹவுஸ், எல்லாவற்றையும் ஒரே கணினியில் அலசுவது.

எண்ணைப் பார்த்து யார் என்ன செய்வார்கள்?

தரவு எவ்வளவு பெரியது என்ற கேள்வியைவிட முந்திக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த எண்ணைப் பார்த்து நிறுவனத்தில் யாராவது தன் வேலையை மாற்றிச் செய்யப்போகிறாரா, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை? கொள்முதல் மேலாளர் வாரத்துக்கு ஒருமுறைதான் சரக்கு வாங்குகிறார் என்றால், நொடிக்கு நொடி புதுப்பிக்கும் டேஷ்போர்டால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. மோசடிப் பரிவர்த்தனையைத் தடுக்க வேண்டிய கட்டணப் பிரிவுக்கோ நாளைக் காலை வரும் ரிப்போர்ட்டால் பயனில்லை; பணம் அதற்குள் போய்விட்டிருக்கும்.

எந்தத் தொழில்நுட்பம் என்பதை முடிவுகளின் வேகம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளவு அடுத்த கேள்வி. இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹடூப்பில் இருந்து இங்கே எப்படி வந்தோம்?

கூகுள் தன் கோப்பு அமைப்பைப் பற்றி 2003-லும் கணக்கைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேப்ரெட்யூஸ் முறை பற்றி 2004-லும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டது. அவற்றைப் பின்பற்றி டக் கட்டிங்கும் மைக் கஃபரெல்லாவும் எழுதியதில் இருந்து 2006-ல் பிறந்தது ஹடூப். கட்டிங்கின் மகன் தன் பொம்மை யானைக்கு வைத்திருந்த பெயர் அது. மலிவான கணினிகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, தரவு எந்தக் கணினியில் இருக்கிறதோ அங்கேயே கணக்கையும் ஓட்டுவது அதன் யோசனை. வலைப்பின்னல் மெதுவாக இருந்த காலத்துக்கு அது சரியான யோசனைதான்.

ஆனால் தரவைச் சேமிப்பதும் கணக்கிடுவதும் ஒன்றாகப் பிணைந்திருந்தன. தரவு கூடியதால் டிஸ்க் வேண்டும் என்றால், தேவையே இல்லாத ப்ராசஸரையும் சேர்த்து வாங்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்ததுதான் கிளவுட் செய்த பெரிய காரியம். அமேசானின் எஸ்3 சேமிப்பு 2006-ல் வந்தது. பெரிய அட்டவணைகளை வேகமாக அலசும் கூகுளின் ட்ரெமெல் பற்றிய கட்டுரை 2010-ல் வந்தது. கூகுளின் தரவுக் கிடங்கான பிக்க்வெரி அதன் மேல்தான் நிற்கிறது. 2012-ல் தொடங்கிய ஸ்னோஃப்ளேக் என்ற தரவுக் கிடங்கு நிறுவனம், தரவை ஓரிடத்தில் வைத்து, கணக்கிடும் இயந்திரங்களைத் தேவைப்படும்போது மட்டும் எழுப்பி, வேலை முடிந்ததும் தூங்க வைக்கும் முறையைப் பரவலாக்கியது. இன்று நாம் ஒப்பிடும் எல்லா வழிகளும் இந்தப் பிரிவினைக்குப் பின் வந்த வீடுகள்.

முதல் வழி: கிளவுட் தரவுக் கிடங்கு

பெரும்பாலான நடுத்தர நிறுவனங்களுக்கு இதுவே குறைந்த தலைவலி. தரவைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் தெரிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள், சர்வரைப் பராமரிக்க ஆள் வேண்டாம், யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதியை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தலைவலி பில்லில் வரும். அது எப்படி ஏறுகிறது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்ப்பது நல்லது. ஸ்னோஃப்ளேக்கில் இயந்திரம் விழித்திருக்கும் நொடிகளுக்குப் பணம். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் குறைந்தது 60 நொடிக் கட்டணம். ஒருவர் விற்பனை டேஷ்போர்டை 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். இயந்திரமோ 10 நிமிடம் வேலை இல்லாமல் இருந்தால்தான் தூங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அப்புறம் அது தூங்குவதே இல்லை. ஒரு நாளில் 288 முறை புதுப்பிப்பு. ஞாயிறு நள்ளிரவில் யாரும் பார்க்காத டேஷ்போர்டுக்கும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிக்க்வெரியில் தேவைக்கேற்பக் கட்டும் முறையில், படித்த பைட்டுகளுக்குத்தான் பணம். "சும்மா பத்து வரி பார்க்கலாம்" என்று க்வெரியின் (எஸ்க்யூஎல்-இல் எழுதிய கேள்வியின்) கடைசியில் லிமிட் 10 போடுபவர்கள் செலவு குறைந்துவிட்டதாக நினைப்பார்கள். சாதாரண அட்டவணையில் லிமிட் போட்டாலும் கேட்ட நெடுவரிசைகள் முழுவதும் படிக்கப்படும், பணமும் முழுவதுக்கும் போகும். வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் பெயர் சொல்லிக் கேட்பதும், அட்டவணையைத் தேதிவாரியாகப் பிரித்து வைப்பதும்தான் உண்மையான சிக்கனம். கிடங்கைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம், மாதம் ஒருமுறை அதிகம் செலவழித்த இருபது க்வெரிகளைப் பார்க்கும் ஒருவரையும் சேர்த்தே நியமிக்க வேண்டும்.

இரண்டாம் வழி: லேக்ஹவுஸ்

கிடங்குக்குள் தரவு நுழைந்துவிட்டால் அது கிடங்கை விற்கும் நிறுவனத்தின் வடிவில் பூட்டப்படுகிறது என்ற பயம் பலருக்கும் உண்டு, நியாயமான பயம். மறுபுறம், எல்லாவற்றையும் கோப்புகளாகக் கொட்டி வைக்கும் டேட்டா லேக்கில் ஒழுங்கு இல்லை. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் படித்தால் அவருக்குப் பாதி எண்தான் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் வந்தவைதான் திறந்த அட்டவணை வடிவங்கள் (இவற்றின் மேல் கட்டுவதே லேக்ஹவுஸ்): உபரில் பிறந்த ஹூடி, நெட்ஃப்ளிக்ஸில் 2017-ல் தொடங்கிய ஐஸ்பெர்க், டேட்டாபிரிக்ஸ் நிறுவனம் 2019-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட டெல்டா லேக்.

உள்ளே நடப்பது எளிமையானது. தரவு பார்க்கே கோப்புகளில் இருக்கும். எழுதிய கோப்பை யாரும் திருத்துவதில்லை. இந்த நிமிடத்தில் அட்டவணை என்றால் எந்தெந்தக் கோப்புகள் என்ற பட்டியல் தனியாக இருக்கும். மாற்றம் வந்தால் புதிய கோப்புகளை எழுதி, கடைசியில் பட்டியலை ஒரே அடியாக மாற்றுவார்கள். அதனால் படிப்பவருக்குப் பழைய படம் முழுதாகக் கிடைக்கும், அல்லது புதிய படம் முழுதாகக் கிடைக்கும். பழைய பட்டியல்களும் இருப்பதால் போன வாரம் அட்டவணை எப்படி இருந்தது என்றும் பார்க்கலாம்.

கடந்த சில வருடங்களில் நடந்தவற்றுள் ஒரு நிறுவனத் தலைவர் அவசியம் கவனிக்க வேண்டியது இதுதான் என்பேன். ஐஸ்பெர்க்கை உருவாக்கியவர்கள் நடத்திய டேபுலர் நிறுவனத்தை டேட்டாபிரிக்ஸ் 2024 ஜூனில் வாங்குவதாக அறிவித்தது. ஸ்னோஃப்ளேக், பிக்க்வெரி, அமேசானின் கிடங்கான ரெட்ஷிஃப்ட் மூன்றும் இன்று ஐஸ்பெர்க்கைப் படிக்கும். தரவு உங்கள் சேமிப்பில், உங்கள் பெயரில் இருக்க, எந்த இன்ஜினைக் கொண்டும் அதைப் படிக்கலாம் என்ற நிலைமை நெருங்கிவிட்டது. போட்டி இப்போது அட்டவணைப் பட்டியலையும் அனுமதிகளையும் வைத்திருக்கும் கேட்டலாக் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஒப்பந்தம் போடும்போது கோப்பு வடிவத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். கேட்டலாக் யாருடையது, அதை வெளியே எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை தரவு எழுதினால் ஒரே நாளில் 1,440 தொகுதிச் சின்னக் கோப்புகள் சேரும். படிக்கும் வேகம் படுத்துவிடும். அவற்றை அவ்வப்போது ஒன்றாக்க வேண்டும், பழைய படங்களைக் கழிக்க வேண்டும். இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் அமலில் உள்ளது. தன் விவரங்களை அழிக்கும்படி ஒருவர் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். நீங்கள் டெலீட் கொடுத்தீர்கள், அட்டவணையில் அவர் இல்லை. ஆனால் பழைய படங்களைக் கழிக்காதவரை அவருடைய பெயரும் முகவரியும் பழைய கோப்பில் அப்படியே இருக்கும். இதைச் செய்ய நேரம் ஒதுக்கக்கூடிய தரவுப் பொறியாளர்கள் இரண்டு பேராவது இல்லாத நிறுவனத்துக்கு நான் லேக்ஹவுஸைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் வழி: ஒரே கணினி

இதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் ஹானஸ் ம்யூலைசனும் மார்க் ராஸ்வெல்டும் உருவாக்கிய டக்டிபி என்ற டேட்டாபேஸ் 2019-ல் வெளிவந்து, 2024 ஜூனில் 1.0 பதிப்பை எட்டியது. தனி சர்வர் கிடையாது. நிரலுக்குள்ளேயே ஒரு நூலகமாக உட்கார்ந்துகொள்ளும். பார்க்கே கோப்பை நேரடியாகப் படிக்கும். பெரும்பாலான கணக்குகளில் நினைவகம் போதாவிட்டால் டிஸ்க்கைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆரம்பத்தில் சொன்ன ஆர்டர் நிறுவனத்தின் பத்து வருடத் தரவையும் ஒரு நல்ல கணினியில் வைத்து அலசலாம்.

பிக்க்வெரியை உருவாக்கிய குழுவில் இருந்த ஜோர்டன் டிகானி, அதன் வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோரின் மொத்தத் தரவே ஒரு டெராபைட்டுக்குள்தான் இருந்தது என்று 2023-ல் எழுதினார். வைத்திருக்கும் தரவிலும் பெரும்பகுதியை யாரும் தொடுவதில்லை. சமீபத்திய சில வாரங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதும் அவர் சொன்னது. நான் பார்த்த இடங்களோடும் இது ஒத்துப்போகிறது.

எங்கே இது போதாது? ஒரே டக்டிபி கோப்பில் பல நிரல்கள் ஒரே சமயத்தில் எழுத முடியாது. முப்பது பேர் ஒரே எண்ணைப் பார்க்க வேண்டும், சிலருக்குச் சம்பள நெடுவரிசை தெரியக்கூடாது என்ற நிலை வந்தால் அனுமதிகளை நீங்களேதான் கட்ட வேண்டும். பகுப்பாய்வாளர் வேலையை விட்டுப் போகும்போது அவர் லேப்டாப்போடு கணக்கும் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு மூன்று பகுப்பாய்வாளர்கள் உள்ள நிறுவனம் கோப்புகளைப் பொதுச் சேமிப்பிலும் க்வெரிகளை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியிலும் வைத்துக்கொண்டு இதிலேயே தொடங்கலாம். பின்னால் பெரிதானால் அதே பார்க்கே கோப்புகளை மற்ற இரண்டு வழிகளுக்கும் எடுத்துப் போகலாம் என்பது இதன் பெரிய நன்மை.

இரவு ஒருமுறையா, ஓயாத ஓட்டமா?

நிகழ்வுகளை நடக்க நடக்கக் கடத்தும் காஃப்கா என்ற மென்பொருளை லிங்க்ட்இன் 2011-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வில் இருந்து, அந்த நிகழ்வுகளை உடனுக்குடன் கணக்கிடும் ஃப்ளிங்க் வந்தது. நிகழ்வு நடந்த நொடியே கணக்கில் சேர்க்கும் வசதி இன்று எல்லோருக்கும் எட்டும். ஆனால் அதன் கஷ்டம் எங்கே என்பது விற்பனைப் படத்தில் வராது.

ஓர் உதாரணம். வாடிக்கையாளரிடம் பொருளைக் கொடுத்துவிட்டு விநியோக ஊழியர் இரவு 11:52-க்குக் கைபேசியில் ஸ்கேன் செய்கிறார். அது தரைத்தளத்துக்குக் கீழே உள்ள வாகன நிறுத்தம், சிக்னல் இல்லை. மேலே வந்த பிறகு 12:20-க்குத்தான் அந்தத் தகவல் சர்வருக்குச் சேர்கிறது. இது எந்த நாளின் கணக்கு? நடந்த நேரத்தை எடுத்தால், ஏற்கெனவே மூடிய நாளைத் திறந்து திருத்த வேண்டும். வந்த நேரத்தை எடுத்தால், நடக்காத நாளில் நடந்ததாக ஆகும். "இவ்வளவு நேரம் காத்திருப்பேன், அதற்குப் பிறகு வருவதை இப்படிக் கையாள்வேன்" என்று ஒரு விதி எழுத வேண்டும். அதை எழுத வேண்டியவர் பொறியாளர் அல்ல, வணிகத்தைத் தெரிந்தவர். இரவு 2 மணிக்கு ஒருமுறை ஓடும் கணக்கில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். தாமதமாக வந்ததெல்லாம் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

மோசடித் தடுப்பு, பணம் கட்டும் நேரத்தில் இருப்பு பார்ப்பது, இயந்திரம் பழுதாகும் முன் நிறுத்துவது: இந்த மாதிரி இடங்களில் ஓயாத ஓட்டம் தேவை, செலவும் தகும். மற்ற எல்லாவற்றுக்கும் 15 நிமிடத்துக்கு ஒருமுறையோ மணிக்கு ஒருமுறையோ சின்னத் தொகுதிகளாக எடுத்தால் போதும். முழு நிறுவனத்தையும் ஓட்டத்துக்கு மாற்றுவோம் என்ற திட்டத்தோடு யாராவது வந்தால், எந்த முடிவு அந்த வேகத்தில் எடுக்கப்படுகிறது என்று கேளுங்கள்.

டேஷ்போர்டா, கேட்டால் பதில் சொல்லும் ஏஐயா?

இப்போது அதிகம் பேசப்படுவது இதுதான்: எழுத்தில் கேள்வி கேட்டால் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) என்ற ஏஐ, எஸ்க்யூஎல் எழுதி, ஓட்டி, பதில் தரும். எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை உண்டு. ரிப்போர்ட் குழுவிடம் வரிசையில் நின்று மூன்று நாள் காத்திருந்த ஒருவர், தானே கேட்டுத் தெரிந்துகொள்வது பெரிய விடுதலை.

பயமும் உண்டு. தவறான எஸ்க்யூஎல் பிழை காட்டி நின்றுவிடாது. ஓடி முடித்து ஓர் எண்ணைத் தரும். ஓர் ஆர்டரில் மூன்று பொருள்கள், அனுப்பும் கட்டணம் 100. ஆர்டர் அட்டவணையைப் பொருள் அட்டவணையோடு இணைத்தால் அந்த ஆர்டர் மூன்று வரிகளாகும். அனுப்பும் கட்டணத்தைக் கூட்டினால் 300. திரையில் வரும் பதில் அழகான வாக்கியத்தில், தயக்கமே இல்லாமல் இருக்கும். அனுபவமுள்ள பகுப்பாய்வாளர் இதில் ஒருமுறையாவது விழுந்து எழுந்தவர், அதனால் சந்தேகப்படுவார். கேட்ட மேலாளருக்குச் சந்தேகம் வர வாய்ப்பில்லை.

அதைவிட ஆழமான சிக்கல் சொற்களில் இருக்கிறது. "போன மாத வருமானம் எவ்வளவு?" ஆர்டர் போட்ட தேதியா, பணம் வந்த தேதியா, பொருள் சேர்ந்த தேதியா? திரும்பி வந்தவற்றைக் கழித்தா, வரியோடா? விற்பனைப் பிரிவு ஒன்றைச் சொல்லும், கணக்குப் பிரிவு வேறொன்றைச் சொல்லும். நிறுவனம் முடிவு செய்யாத ஒன்றை மாதிரி எப்படித் தெரிந்துகொள்ளும்? பாடப்புத்தகம் போன்ற சிறிய டேட்டாபேஸ்களில் நன்றாக மதிப்பெண் எடுத்த மாதிரிகள், நிறுவனங்களில் இருப்பது போன்ற பெரிய, குழப்பமான டேட்டாபேஸ்களைக் கொண்டு 2024-ல் வெளிவந்த ஸ்பைடர் 2.0 சோதனையில் முதலில் மிகவும் தடுமாறின. மாதிரிகள் வேகமாகத் தேறிவருகின்றன. வருமானம் என்றால் என்ன என்பதை மட்டும் நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் முக்கியமான இருபது அளவுகளுக்கு விளக்கம் எழுதி, அவற்றை எல்லோரும் பயன்படுத்தும் ஒரு பொது விளக்க அடுக்கில் பதியுங்கள். ஏஐ அந்த அடுக்கின் வழியாக மட்டும் கேட்கட்டும். நேரே அட்டவணைகளில் கைவைக்க விடாதீர்கள். பதிலோடு அது ஓட்டிய க்வெரியும் தெரியட்டும். மாதக் கணக்கு முடிப்பது போன்ற திரும்பத் திரும்பப் பார்க்கும் எண்களுக்கு டேஷ்போர்டே இருக்கட்டும். திடீரென்று எழும் கேள்விகளுக்கு ஏஐ.

வெளியேறும் வழி

முன்பு ஒரு கிளவுடை விட்டு வெளியேற, தரவை எடுத்துப் போவதற்கே பெரிய கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்டும், முழுவதுமாக வெளியேறும் வாடிக்கையாளருக்கு அந்தக் கட்டணத்தை நீக்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் பொருந்துகிறது; 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்கான கட்டணமே அங்கே கூடாது. இன்று உங்களைக் கட்டிப்போடுவது கோப்புகளின் எடை அல்ல. அந்தந்த நிறுவனத்தின் எஸ்க்யூஎல் பாணியில் எழுதிய நூற்றுக்கணக்கான க்வெரிகளும், அதன் அனுமதி முறைகளும், அதை மட்டுமே கற்ற குழுவும்தான்.

நான் என்ன சொல்வேன்?

தரவு ஒரு டெராபைட்டுக்குள், பகுப்பாய்வாளர்கள் மூன்று பேருக்குள், முடிவுகள் நாளுக்கு ஒருமுறை என்றால் ஒரே கணினி வழியில் தொடங்குங்கள். பல பிரிவுகள் ஒரே எண்ணைப் பார்க்க வேண்டும், ஆனால் பொறியாளர் குழு இல்லை என்றால் கிடங்கு. தரவை மட்டும் முடிந்தவரை ஐஸ்பெர்க் வடிவில் வையுங்கள். சென்சார், கிளிக், படம், ஒலி என்று பலவகைத் தரவு டெராபைட்டுகளில் வருகிறது, ஏஐ மாதிரிகளையும் நீங்களே பயிற்றுவிக்கிறீர்கள் என்றால் லேக்ஹவுஸ். ஒவ்வொரு பிரிவும் தன் தரவைத் தானே ஒரு பொருளாகப் பராமரிக்கும் டேட்டா மெஷ், 2019-ல் ஸமக் டெஹ்கானி முன்வைத்தது. பிரிவுக்கு ஒரு பொறியாளர் கூட இல்லாத நிறுவனத்தில் அதைப் பேச வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். கணக்குப் பிரிவு ஏற்கெனவே முடித்துக் கையெழுத்திட்ட ஒரு மாதத்தை எடுத்து, அதன் மூலத் தரவை நீங்கள் ஒப்பிடும் வழிகள் எல்லாவற்றிலும் ஏற்றுங்கள். அதே மாத வருமானத்தைக் கணக்கிடுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு பில் வந்தது, எண் பொருந்தாதபோது யாரால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் அதிகம் சொல்லித் தரும்.

நான் இருந்த ஒரு சோதனையில் இரண்டு அமைப்புகளும் வேறு வேறு எண்ணைத் தந்தன. வித்தியாசம் சிறியது, ஆனால் ஒவ்வொரு மாதமும் வந்தது. இரண்டு நாள் தேடினோம். ஒன்று மாதத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் முடித்திருந்தது, மற்றது அலுவலகக் கடிகாரப்படி முடித்திருந்தது. கணக்குப் பிரிவின் எண் இரண்டோடும் பொருந்தவில்லை. அவர்கள் மாதக் கடைசி நாள் மாலை ஆறு மணிக்கே கணக்கை மூடிக்கொண்டிருந்தார்கள், பல வருடங்களாக. அன்று மதியம் பிளாட்ஃபார்ம் பேச்சை நிறுத்திவிட்டு, மாதம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று மூன்று பிரிவுகளும் உட்கார்ந்து பேசி எழுதினோம்.